தீவும் மலையும் பாடசாலை: புதுக்கடையிலிருந்து ஒரு கல்விப் பயண வழி

கல்விச் சுற்றுலா என்பது வகுப்பில் படித்ததை நேரில் பார்த்து, அங்கே வாழும் மனிதரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளும் பாடம். பல பள்ளிகளில் அது ஆண்டுக்கொரு முறை பேருந்து பிடித்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வருவதாகச் சுருங்கிவிட்டது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் 1991 இல் உத்தரவிட்டது. அதன்பின் பாடநூலில் பவளத்திட்டும் அலையாத்திக் காடும் பழங்குடி வாழ்வும் இடம்பெற்றன. ஆனால் அவற்றைக் கண்ணால் கண்ட மாணவர் மிகக் குறைவு. கடல் ஒருபுறமும் மலை மறுபுறமும் அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் குறைக்கு இடமே இருக்கக் கூடாது.

இரண்டு காப்பகங்களுக்கு நடுவே

புதுக்கடை, தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கும் முஞ்சிறைக்கும் பக்கத்தில் உள்ள சிற்றூர். அதை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 இல் 95 மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலை ஒன்றை ஏற்படுத்தியதைச் செப்பேடு சொல்கிறது. கல்விக்கு இத்தனை பழைய சான்றுள்ள இந்தப் பகுதி, இயற்கைப் பாடத்துக்கும் வாய்ப்பான இடத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு உயிர்க்கோளக் காப்பகங்களைத் தொட்டு நிற்கிறது. ஒன்று, 1989 இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் காப்பகம். ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதை 2001 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மற்றொன்று, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விரியும் அகத்தியமலைக் காப்பகம். அது 2001 இல் அறிவிக்கப்பட்டு 2016 இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றது.

மலையையும் கடலையும் இணைப்பது ஓர் ஆறு. காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழும் காட்டிலிருந்து இறங்கும் கோதையாறு பேச்சிப்பாறை அணையில் தேங்கி, திற்பரப்பில் அருவியாக விழுகிறது. திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேருகிறது. புதுக்கடைப் பள்ளியொன்றின் பயணத் திட்டத்துக்கு இந்த ஆற்றின் போக்கே முதுகெலும்பாக அமையலாம். முகத்துவாரத்தில் ஒரு நாள், மலையில் ஒரு நாள், பின்னர் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு ஒரு நெடும்பயணம் என்று படிப்படியாக அதை வகுக்க முடியும்.

முதல் படி: பொழிமுகம்

ஆறு கடலில் விழும் பொழிமுகம் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம். ஏற்றவற்றத்தோடு நீரின் உவர்ப்பு ஏறி இறங்குவதைச் சாதாரண உவர்ப்புமானி ஒன்றைக் கொண்டே மாணவர்கள் அளந்து குறிக்கலாம். அலைகள் மணலைக் குவித்துப் பொழியை அடைப்பதும், மழைக்கால வெள்ளம் அந்த மணல்மேட்டை அறுத்துக்கொண்டு பாய்வதும் நிலவியல் பாடத்தின் நேரடி விளக்கங்கள். கிழக்கே போனால் பழையாற்றின் மணக்குடிப் பொழிமுகத்தில் அலையாத்திச் செடிகளையும், 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளில் வலசைப் பறவைகளையும் காணலாம்.

இந்தக் கரையில் மீனவர்களே சிறந்த ஆசிரியர்கள். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாறைத் திட்டுகளை அவர்கள் 'பார்' என்கிறார்கள். மீன் கூடும் அந்த இடங்களைக் கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடிக்கும் முறைக்குக் கணியம் என்று பெயர். கடலில் நின்றபடி கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் அதன் பின்னே உயர்ந்த மலை முகட்டையும் போல, ஒரே நேர்க்கோட்டில் வரப் பார்க்கிறார்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல் நேர்ப்படுத்துகிறார்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் பார் இருக்கும். எட்டாம் வகுப்பு வடிவியல் இங்கே பிழைப்பாக நடக்கிறது. கடலில் தொழில் செய்பவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை திசை காட்டும் துணை என்பதையும் மாணவர் இதிலிருந்து அறிகிறார்.

இழுவைப் படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் இந்த மாவட்டத்தில் தனிப் பாடம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. இரண்டு கரைகளும் சந்திக்கும் குமரி மாவட்டத்தில் இரண்டு தடைகளும் நடைமுறையில் உள்ளன. ஒரே மாவட்டத்துக்கு ஏன் இரண்டு காலங்கள் என்ற கேள்வி, பருவக்காற்றிலிருந்து மீன்களின் இனப்பெருக்கம் வரை மாணவரைக் கொண்டுபோகும்.

21 தீவுகள்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. தீவுகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண்டபம் குழுவில் குருசடை, முயல் தீவு, மனோலி உள்ளிட்ட 7. கீழக்கரைக் குழுவில் அப்பா தீவு, முல்லி, வாழை உள்ளிட்ட 7. வேம்பார்க் குழுவில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி என 3. தூத்துக்குடிக் குழுவில் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி என 4.

இவை கடல் மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த மணல் தீவுகள். பவளத் திட்டுகளின்மேல் பவளச் சிதைவும் சிப்பியும் மணலும் சேர்ந்து உருவானவை. பல தீவுகளைச் சுற்றி மூன்று வாழிடங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கரையில் அலையாத்திச் செடிகள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. அதை அடுத்த ஆழம் குறைந்த நீரில் கடற்புல் படுகைகள் மீன்குஞ்சுகளுக்கு வளரிடமாகவும், ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு உணவாகவும் இருக்கின்றன. வெளிப்புறத்தில் பவளத்திட்டு அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காக்கிறது. அலையாத்தி அழிந்தால் வண்டல் பவளத்தை மூடும். பவளம் அழிந்தால் அலை புல்வெளியைப் பெயர்க்கும். உணவுச் சங்கிலியை அம்புக்குறிகளால் மட்டும் அறிந்த மாணவருக்கு, ஒரு தீவைச் சுற்றிவரும் படகுப் பயணம் அந்தப் படத்தின் பொருளை உணர்த்திவிடும்.

குருசடைத் தீவு இந்தியக் கடலுயிரியல் கல்வியில் தனியிடம் பெற்றது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927 இல் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்பிகளுக்கும் இடையிலான உறவை விளக்கப் பாடநூல்கள் காட்டும் பலனோகுளோசஸ் என்ற ஏகோர்ன் புழு இங்கே மணலில் வாழ்கிறது. அதைப் பார்க்கவே விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்திருக்கிறார்கள். 1947 இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய பின்னும், அருகே மண்டபத்தில் ஆய்வு மையமாகவும் மீன் காட்சியகமாகவும் இயங்குகிறது. கடல் கொந்தளித்துப் படகு போக முடியாத நாளில் பள்ளிக் குழுவுக்கு அது நல்ல மாற்று இடம்.

மூழ்கிய தீவுகள் சொல்வது

பட்டியலில் 21 தீவுகள் இருந்தாலும், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக் கற்களை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனதால் தீவுகளின் மணல் அரித்துச் சென்றது. 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குள் பெருஞ்சேதம் நடந்துவிட்டது. தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் அதன் கடற்புறத்தில் கான்கிரீட்டாலான செயற்கைப் பவளத்திட்டுத் தொகுதிகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைக் குறைத்து மணல் மீண்டும் சேர வழிசெய்தன, மீன்களுக்கும் உறைவிடமாயின. அழிவின் காரணத்தையும் மீட்பின் முறையையும் ஒரே இடத்தில் காட்டும் இத்தகைய பாடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

வெப்பம் இன்னொரு ஆபத்து. கடல்நீரின் வெப்பநிலை வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால், பவள உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகின்றன. அந்தப் பாசிகளே அவற்றுக்கு நிறமும் உணவும் தருபவை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளிறல் கடுமையாக இருந்தது. வெளிநாட்டுக் கடற்பாசியான காப்பாபைகஸ், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் குருசடைப் பகுதியின் பவளங்கள்மேல் படர்ந்ததும் ஆய்வாளர்கள் பதிவுசெய்த உண்மை. கரையில் பல குடும்பங்களுக்கு வருமானம் தரும் பயிரே கடலுக்குள் பவளத்தை மூடுகிறது. இதில் எளிய தீர்ப்பு இல்லை. மாணவர்கள் இரண்டு பக்கமும் கேட்டு வாதிட வேண்டிய கேள்வி இது.

தீவை அறிந்த மக்கள்

தீவுகளில் நிலையான குடியிருப்பு இல்லை. ஆனால் அவற்றின் கடலை நம்பி வாழும் மக்களின் வரலாறு நீண்டது. முத்துக்குளிப்பு பாண்டியர் காலம் தொட்டு இந்தக் கடலின் புகழ். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961 இல் நடந்தது. இன்று மீன்பிடிப்போடு, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் தொழிலும் இங்கே முக்கியமானது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பாறையிலிருந்து கையாலேயே பாசியைப் பறிக்கிறார்கள். தேசியப் பூங்கா எல்லை வகுக்கப்பட்ட பின் தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது குற்றமாயிற்று. அந்தப் பெண்கள் சங்கமாகத் திரண்டு தங்கள் உரிமையைக் கேட்டதோடு, பாசி மீண்டும் வளர இடைவெளி விட்டு மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடும் வகுத்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவிகளில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015 இல் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது. பாதுகாப்பும் பிழைப்பும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் இந்தப் பெண்களின் வாயால் கேட்க வேண்டும்.

காணிக்காரரின் மலை

தீவுப் பயணத்தின் மறுபாதி மலையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பழங்குடி மக்கள் காணிக்காரர். பேச்சிப்பாறை, கோதையாறு, பத்துகாணி பகுதிகளின் மலைக் குடியிருப்புகளிலும், எல்லைக்கு அப்பால் திருநெல்வேலி மலைகளிலும் கேரளத்திலும் அவர்கள் வாழ்கிறார்கள். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. நோய் தீர்க்கும் சடங்குகளை நடத்துபவர் பிலாத்தி. அவர் இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டுக்கு, இரும்பாலான கொக்கரையை உரசி எழுப்பும் ஒலி துணை. யானைக்கு எட்டாத உயரத்தில் மரத்தில் கட்டும் ஏறுமாடம், மரச்சீனியும் நல்லமிளகும் விளையும் சிறு நிலங்கள், காட்டிலிருந்து தேனெடுப்பு ஆகியவை அவர்களின் வாழ்வின் பகுதி. 2008 இல் சுமார் 402 சதுர கிலோமீட்டர் காடு கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறைகளாக வாழ்பவரின் நில உரிமையையும் சமூக உரிமையையும் ஏற்கிறது. இந்த இரண்டும் ஒரே நிலத்தில் எப்படி நடைமுறையாகின்றன என்பது குடிமையியல் பாடம்.

காணிக்காரரின் அறிவு உலகக் கவனம் பெற்ற கதை ஒன்று உண்டு. 1987 இல் கேரளத்தின் அகத்தியமலைக் காட்டில் தாவர ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டி வந்த காணிகள் நெடுநடையிலும் சோர்வடையாமல் ஒரு சிறு செடியின் காயைத் தின்பதைக் கவனித்தார்கள். கேட்டபோது அவர்கள் முதலில் தயங்கி, பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995 இல் உற்பத்தி உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் வழங்கப்பட்டது. அந்த வருவாயில் பாதியைக் காணிகளுக்குத் தருவதென முடிவாகி, 1997 இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. மரபறிவுக்கு உரிய பங்கைத் தருவதில் உலகின் முன்மாதிரிகளில் ஒன்றாக இது பேசப்பட்டது. எல்லாக் காணிக்குடிகளின் ஒப்புதலும் பெறப்படவில்லை, பலன் எல்லோருக்கும் சேரவில்லை என்ற குறைகளும் அப்போதே எழுந்தன. காட்டுச் செடியின் பயனை அறிந்தவருக்கு அந்த அறிவில் என்ன உரிமை என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பும் நிகழ்வு இந்திய வரலாற்றில் அரிது. இத்தகைய பங்கைப் பற்றிப் பேசும் இந்தியாவின் உயிரியல் பன்மயச் சட்டம் அதற்குப் பிறகே, 2002 இல் வந்தது.

போகக் கூடாத இடமும் பாடம்

சூழலியலையும் பழங்குடி மரபையும் ஒருசேரப் படிக்க அந்தமான் தீவுகள் ஏற்ற இடம். தமிழர் பெருமளவில் குடியேறி வாழும் இடமும்கூட. வண்டூர் அருகே 1983 இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், ஜாலி பாய் தீவை ஆண்டின் ஒரு பகுதியிலும் ரெட் ஸ்கின் தீவை மறு பகுதியிலும் திறக்கிறார்கள். ஒன்றில் மக்கள் நடமாடும்போது மற்றொன்றின் பவளங்களுக்கு ஓய்வு. இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஒங்கே, ஜாரவா, பெரும் அந்தமானியர், சென்டினல், ஷோம்பென், நிக்கோபாரிகள் ஆகியோரின் படகுகளையும் கருவிகளையும் காணலாம். 2004 ஆழிப்பேரலையின்போது லிட்டில் அந்தமானில் ஒங்கே மக்கள் கடலின் குறியறிந்து மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது, போ என்ற மொழியைப் பேச ஒருவரும் மிஞ்சவில்லை.

இவர்களில் சிலரைப் பார்க்கப் போவதே தவறு. 1956 இன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களின் காப்புப் பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதைத் தடைசெய்கிறது. வடக்கு சென்டினல் தீவை நெருங்கவும் தடை உண்டு. வெளியாரிடமிருந்து வரும் சாதாரண நோய்க்கும் அந்த மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் குறைவு. ஜாரவா காட்டை ஊடறுக்கும் அந்தமான் நெடுஞ்சாலையின் அப்பகுதிகளை மூட உச்ச நீதிமன்றம் 2002 இல் உத்தரவிட்டது. ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைத்த காணொளி 2012 இல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. மனிதரைக் காட்சிப்பொருளாக்கும் பயணத்துக்குக் கல்வி என்று பெயர் சூட்ட முடியாது. பேருந்தில் போகும் மாணவரிடம் கேமராவை உறையிலிடச் சொல்வதும் பாடத்தின் பகுதி.

ஆஸ்திரேலியாவும் இதே பாதையில் பாடம் கற்றது. பெர்த் நகருக்கு எதிரே உள்ள ராட்னெஸ்ட் தீவு நூங்கார் மக்களுக்கு வாஜெமப். குவாக்கா என்ற சிறு விலங்குக்குப் பெயர்பெற்ற அந்தத் தீவு, 1838 முதல் பழங்குடி ஆண்களின் சிறையாக இருந்தது. பலர் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். விடுமுறைத் தீவாக மட்டும் அறியப்பட்ட அந்த இடத்தில், இன்று அந்த வரலாறும் சேர்த்தே சொல்லப்படுகிறது. இயற்கையைக் காட்டி வரலாற்றை மறைக்கும் பயணம் பாதிப் பாடமே என்பதை அந்த நாடு தாமதமாகவேனும் ஏற்றது.

பயணத்தை அமைக்கும் முறை

முதல் தேவை அனுமதி. மன்னார் வளைகுடாத் தீவுகளில் விருப்பம்போல் இறங்க முடியாது. ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். காணிக்குடியிருப்புக்குப் போக வனத்துறையின் அனுமதியோடு ஊராரின் சம்மதமும் வேண்டும். மூட்டுக்காணியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசி, எந்த இடத்தைக் காட்டலாம், எந்தச் சடங்கைப் படமெடுக்கக் கூடாது என்று கேட்டுவைப்பது நாகரிகம்.

இரண்டாவது பாதுகாப்பு. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிக் குழு சென்ற படகு மூழ்கி மாணவரும் ஆசிரியருமாக 18 பேர் உயிரிழந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை, படகின் கொள்ளளவுக்குள் ஆட்கள், நீந்தத் தெரிந்த பெரியவர்கள், மருத்துவப் பெட்டி ஆகிய நான்கும் இல்லாமல் குழந்தைகளைப் படகில் ஏற்றுவது குற்றம். தென்மேற்குக் காற்று வலுத்த மாதங்களையும் புயல் காலத்தையும் தவிர்த்து, கடல் அடங்கித் தெளிந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாணவிகளுக்குக் கழிப்பறை வசதி உறுதியாகாத இடத்துக்குப் பயணம் திட்டமிடக் கூடாது. இந்தக் காரணத்தாலேயே பல வீடுகளில் பெண் குழந்தைகளை அனுப்புவதில்லை.

மூன்றாவது பாடத்திட்டம். போகும் முன் ஒரு வாரம் வரைபடமும் அடிப்படைச் சொற்களும், போன இடத்தில் சிறு குழுக்களாகப் பிரிந்து அளத்தலும் வரைதலும் கேட்டெழுதுதலும், திரும்பிய பின் அறிக்கையும் விவாதமும் என மூன்று கட்டங்கள் வேண்டும். சிப்பியோ பவளத் துண்டோ செடியோ எதுவும் எடுத்து வரக் கூடாது. பவளத்தையும் கடல் அட்டையையும் கடற்குதிரையையும் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் பொருள்களைப் பேருந்திலேயே விட்டுவிட வேண்டும்.

நான்காவது, கற்றுத்தருபவருக்குரிய மரியாதை. கணியம் சொல்லும் மீனவருக்கும், பாசி எடுக்கும் பெண்ணுக்கும், செடி காட்டும் காணிக்காரருக்கும் ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் தரப்பட வேண்டும். அவர்கள் சொன்ன மருந்துச் செடிகளின் விவரத்தை அவர்களின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. மாணவர் தயாரிக்கும் அறிக்கையின் பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். மலைக் குடியிருப்புப் பிள்ளைகளும் தீவுக்கரைப் பிள்ளைகளும் புதுக்கடைக்கு வந்து பார்த்திவபுரத்தையும் பொழிமுகத்தையும் காண அழைக்கப்பட்டால்தான் பயணம் இருவழிப் பாதையாகும்.

செலவு இதற்குத் தடையாக வேண்டியதில்லை. தேங்காய்ப்பட்டணமும் பேச்சிப்பாறையும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பக்கூடிய தூரம். அரசுப் பேருந்து போகும் வழி. தொலைவான மண்டபம், குருசடைப் பயணத்தை உயர்வகுப்பு மாணவருக்கு ஒரு முறையேனும் வாய்க்கச் செய்ய முடியும். பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஊரின் மீனவர் சங்கங்களும் கைகோத்தால், வீட்டில் பணமில்லாத பிள்ளையும் விடுபடாமல் எல்லோரும் போய்வரலாம். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை விடுபட்டாலும் அந்தப் பயணம் முழுமை பெறாது என்பதைப் பள்ளிகள் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.